குகைக்குள் மாலை எப்படித் தெரிகிறது?

மதுரை காளவாசல் சிக்னல் ஓரத்தில் பிற்பகல் மூன்று மணிக்குப் பூக்கட்டுகிறவர்களின் கூடையில் இருப்பவை மல்லிகை மொட்டுகள். பூ என்று சொல்ல அவற்றுக்கு இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் பறித்து, ஈரச் சாக்கு போர்த்திக் கொண்டுவரப்பட்டவை. பருத்து வெண்மை ஏறி, அன்று மாலையே விரியப்போகிற மொட்டு எது, நாளைக்கான மொட்டு எது என்பது பறிக்கிறவர்களின் விரலுக்குத் தெரியும். நாளைக்கானதை விட்டுவிடுவார்கள். பறித்த மொட்டு செடியை விட்டுப் பிரிந்து அரை நாள் கழிந்த பிறகு, யாரோ ஒருவரின் தலையில் சரமாக ஏறிய பின், விளக்கு வைக்கும் நேரத்தில் விரிந்து மணக்கிறது.

இந்த மொட்டுக்கு உயிர் இருக்கிறதா?

இருக்கிறது என்றுதான் தாவரவியல் சொல்லும். அதன் செல்கள் சுவாசிக்கின்றன, சர்க்கரையை எரிக்கின்றன, நீரை இழுத்து உப்புகின்றன. இதழ் விரிவதே அந்த உப்பலால்தான். ஆனால் இந்த மொட்டு காயாகாது, விதையாகாது. மதுரை மல்லிச் செடியே விதை வைப்பது அரிது. ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்து நாற்றங்கால்களில் வேர் பிடிக்கவைத்த குச்சிகள்தான் மதுரைத் தோட்டங்களுக்கு வந்து சேர்கின்றன. வேரை இழந்து, சந்ததிக்கு வழியும் இல்லாமல், வாடுவதற்குச் சில மணி நேரமே மீதமிருக்கும் ஒன்று மாலை வந்ததும் மலர்கிறது. உயிர் என்றால் என்ன என்று வரையறுக்க முயன்றவர்கள் எல்லோரும் இப்படிப்பட்ட ஏதோ ஒன்றின் முன்னால் சற்றுத் தடுமாறியிருக்கிறார்கள்.

இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் 1943இல் டப்ளினில் ஆற்றிய உரைகள் மறு ஆண்டு நூலாக வெளிவந்தன. உலகில் எல்லாம் குலைவை நோக்கிச் சரிந்துகொண்டிருக்க, உயிருள்ள உடல் மட்டும் சுற்றுப்புறத்திலிருந்து ஒழுங்கை உறிஞ்சித் தன்னைக் குலையாமல் வைத்துக்கொள்கிறது என்பது அவர் பார்வை. ஹங்கேரிய வேதியியலாளர் திபோர் கான்டி 1970களில் உயிரின் மிக எளிய மாதிரி ஒன்றை வரைந்தார். வளர்சிதை மாற்றம் நடத்தும் ஒரு சுழற்சி, தகவலைச் சுமக்கும் ஒரு மூலக்கூறு, இரண்டையும் பொத்தி வைக்கும் ஒரு சவ்வு: இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றால் போதும், உயிர் வந்துவிட்டது என்றார். வேற்றுக்கோளில் உயிர் தேடப் புறப்பட்ட நாசாவுக்கு ஒரு வரையறை அவசரமாகத் தேவைப்பட்டது. தன்னைத் தானே நிலைநிறுத்திக்கொள்வதும் டார்வினியப் பரிணாமத்துக்கு உட்படக்கூடியதுமான வேதியியல் அமைப்பே உயிர் என்று 1990களில் வகுத்துக்கொண்டார்கள். இதில் உடனே ஒரு சிக்கல் எழும். பரிணாமம் அடைவது கூட்டம். தனி உயிர் பரிணாமம் அடைவதில்லை. கோவேறு கழுதைக்குச் சந்ததியே கிடையாது. அது உயிரற்றது என்று அதை மேய்ப்பவரிடம் போய்ச் சொல்ல முடியாது.

இவர்கள் அளவுக்குப் பேசப்படாத ஒருவர் அமெரிக்கக் கோட்பாட்டு உயிரியலாளர் ராபர்ட் ரோசன். 1985இல் அவர் எழுதிய நூல், எதிர்பார்க்கும் அமைப்புகளைப் பற்றியது. உயிருள்ள உடல் தன் சூழலின் மாதிரி ஒன்றைத் தனக்குள் வைத்திருக்கிறது. அந்த மாதிரி சூழலைவிடச் சற்று முன்னால் ஓடுகிறது. உடல் நடந்து முடிந்ததற்கு மட்டும் எதிர்வினை செய்வதில்லை, நடக்கப்போவதற்கும் இப்போதே தயாராகிறது என்றார். மேலே உருட்டிவிட்ட கல் கீழே வரும். அது எதையும் எதிர்பார்ப்பதில்லை. உயிர் எதிர்பார்க்கிறது. ரோசன் இதைக் கணிதக் குறியீடுகளில் எழுதியதால் ஆய்வகத்தில் கைவைத்து வேலை செய்யும் உயிரியலாளர்களில் பலர் அவரைப் படிக்கவே இல்லை. ஆனால் அவர் சொன்னதற்கு மிகத் தெளிவான சான்றுகளில் சில, அந்த நூல் வருவதற்கு முன்பே, காளவாசலிலிருந்து தேனி சாலையில் அரை மணி நேரத் தொலைவில் சேகரமாகிக்கொண்டிருந்தன.

காளவாசலைத் தாண்டி மேற்கே போனால் விராட்டிபத்து, அச்சம்பத்து, நாகமலை புதுக்கோட்டை, அதற்கப்பால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. அங்கே உயிரியல் புலத்தைக் கட்டி எழுப்பியவர் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமி. 1970களின் நடுவில் அங்கு வந்து சேர்ந்தார் எம்.கே. சந்திரசேகரன். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், உயிர்க்கடிகார ஆய்வின் மூத்தவரான எர்வின் புன்னிங்கின் ஆய்வகத்தில் பழ ஈக்களின் நாள்தாளத்தை ஆராய்ந்தவர் அவர்.

புன்னிங்கின் துறைக்குத் தொடக்கப்புள்ளி தமிழர்கள் தினமும் பார்க்கும் ஒரு மரம். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கடற்படையில் இருந்த ஆண்ட்ரோஸ்தனிஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரம் இரவில் இலைகளை மூடி விடியலில் திறப்பதைக் குறித்துவைத்தார். அது புளியமரம் என்பதே அறிஞர்களின் கணிப்பு. வெளிச்சம் போனால் இலை மூடுகிறது, இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். 1729இல் பிரெஞ்சு வானியலாளர் தே மெரான் கேட்டதும் அதுதான். தொட்டாற்சிணுங்கியாக இருக்கலாம் என்று கருதப்படும் செடி ஒன்றை அவர் இருட்டுக்குள் வைத்தார். வெளிச்சமே படாத இடத்திலும் அது பகலில் திறந்து இரவில் மூடியது. நாளின் தாளம் வெளியிலிருந்து செடிக்குள் போகவில்லை, செடிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நூற்றாண்டுக்குப் பின், 1930களில், புன்னிங் அவரைச் செடிகளைக் கொண்டு இந்தத் தாளத்தின் நீளம் பரம்பரையாக வருவது என்று காட்டினார். நீண்ட தாளமுள்ள செடியையும் குறுகிய தாளமுள்ள செடியையும் கலந்தால் வாரிசின் தாளம் இடைப்பட்டதாக அமைந்தது.

அந்த மரபில் பயின்றவர் மதுரைக்கு வந்ததும் தேடியது இருட்டை. கீழக்குயில்குடியில் அது கிடைத்தது. தாமரைக்குளமும் அய்யனார் கோவிலும் அடிவாரத்தில் இருக்க, மேலே சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களைத் தாங்கி நிற்கும் சமணர் மலைப் பக்கத்தில் இயற்கைக் குகைகள் உண்டு. உள்ளே போகப் போக வெளிச்சம் அற்றுப்போகும். வெப்பமும் ஈரமும் நாள் முழுக்க ஏறத்தாழ மாறாது. அந்த இருளில் ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் என்ற சிறிய பூச்சியுண்ணி வௌவால்கள் கூட்டமாகத் தொங்குகின்றன. மூக்கைச் சுற்றி இலை போன்ற மடிப்பு கொண்டவை. பகலெல்லாம் வெளிச்சம் எட்டாத இடத்தில் கிடக்கும் இவை, வெளியே பொழுது சாயும்போது சரியாகக் கிளம்புகின்றன. குகைவாய் வரை வந்து வெளிச்சம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத் திரும்புவதும் வௌவால்களின் வழக்கம். ஆனால் எப்போது வந்து பார்க்க வேண்டும் என்பதே முதலில் எப்படித் தெரிகிறது?

சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் உடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனை எளிமையானது. அதன் அழகும் எளிமையில்தான். ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து, இருண்ட குகைக்குள்ளேயே, சுதந்திரமாகப் போய்வரும் அதன் இனத்தார் நடுவில் வைத்தார்கள். அதன் பறத்தல் அசைவுகள் நாள்தோறும் பதிவாயின. கூண்டு வௌவால் குகைவாயைப் பார்க்கவே முடியாது. ஆனாலும் வெளியே உள்ள 24 மணி நேர நாளுக்குப் பிசகாமல் ஓடியது. பிறகு, அதன் இனத்தார் யாரும் இல்லாத குகையில் தனியாக வைத்தார்கள். தாளம் நிற்கவில்லை. ஆனால் வெளி நாளோடு இருந்த பிடி விட்டுப்போய், தனக்கே உரிய கால அளவில் நாளுக்கு நாள் நகரத் தொடங்கியது. குகைக்கு உள்ளே இருந்த வௌவாலுக்கு மாலையைச் சொன்னவை போய்வந்துகொண்டிருந்த மற்ற வௌவால்கள். இந்த முடிவுகள் 1978இலும் 1981இலும் வெளியாயின.

அடுத்த கேள்வியையும் அவர்கள் விடவில்லை. எந்த வௌவால் போய்வந்தாலும் இது நடக்குமா? வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலை அதே குகையில் ஹிப்போசிடெரோஸ் கூட்டத்தின் நடுவில் வைத்தபோது அதன் தாளம் இசையவில்லை. நூற்றுக்கணக்கான சிறகுகள் பக்கத்திலேயே அடித்துக்கொண்டு கிளம்பின. அதன் கடிகாரத்துக்கு அது செய்தியாகவே படவில்லை. இந்த இரண்டாவது முடிவு முதலாவதைவிட ஆழமானது. சத்தமும் காற்றசைவும் எல்லோருக்கும் பொதுவானவை. எது செய்தி, எது வெறும் சத்தம் என்பதை வாங்குகிற உயிர் தீர்மானிக்கிறது. கோட்பாட்டு உயிரியலின் முக்கியமான ஒரு கூற்றை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சோதனைகள் அதிகமில்லை.

வெளிச்சத்தின் மேலான உணர்திறனோ வேறு விதம். அரை மில்லிவினாடி மட்டும் நீடிக்கும் பளீர் ஒளி, அதாவது ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, இந்த வௌவாலின் கடிகாரத்தைத் திருப்பி வைக்கப் போதும் என்று ஜோஷியும் சந்திரசேகரனும் 1984இல் காட்டினார்கள். அதற்கு மறு ஆண்டு விஸ்வநாதனும் சந்திரசேகரனும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை வயல் வரப்பில் வளை தோண்டும் சுண்டெலியைப் பற்றியது. வெளியுலகம் எந்தக் குறிப்பும் தராத நிலையில் குட்டிகளை வைத்து, தாயை மட்டும் குறிப்பிட்ட நேரம் விட்டு, குறிப்பிட்ட நேரம் எடுத்தார்கள். தாய் வருவதும் போவதும் குட்டிகளின் கடிகாரத்தை இசைத்துவிட்டன. சூரியனைப் பார்ப்பதற்கு முன்பே அவற்றுக்கு நாள் என்பது தாயிடமிருந்து கிடைத்துவிடுகிறது.

மனிதர்களையும் அவர்கள் விடவில்லை. ஜெர்மனியின் ஆண்டெக்சில் யூர்கன் ஆஷோஃப் நிலவறை ஒன்றில் தன்னார்வலர்களைக் காலக்குறிப்பு எதுவும் இன்றி வாழவைத்தார். பிரெஞ்சுக்காரர் மிஷேல் சிஃப்ர் 1962இல் ஆல்ப்ஸ் மலைக் குகைக்குள் கடிகாரமின்றி இரண்டு மாதம் தங்கினார். வெளியே வந்த நாள் செப்டம்பர் 14, அவர் கணக்கிலோ ஆகஸ்ட் 20. மதுரைப் பல்கலைக்கழக வளாகத்திலும் அப்படி ஒரு தனிமைக்கூடம் கட்டப்பட்டது. தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊரின் ஓரத்தில், பகல் இரவு தெரியாத ஓர் அறை. நாளிதழ் இல்லை, வானொலி இல்லை, சன்னல் வழி வெயில் இல்லை. விழித்தபோது விளக்கைப் போட்டு, உறக்கம் வந்தபோது அணைத்து, தன் உடல் சொல்கிற நாளில் ஒருவர் வாரக்கணக்கில் வாழ்ந்தார். அங்கே தங்கிய ஒரு பெண்ணின் மாதவிலக்குச் சுழற்சி, அவரது உறக்க விழிப்புத் தாளத்தோடு பிணைக்கப்பட்டிருக்கவில்லை என்பது 1991இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியானது. ஒரே உடலில் நாளை எண்ணுவது ஒன்று, மாதத்தை எண்ணுவது இன்னொன்று.

இதுவரை சொன்னதைக் கேட்டால், கடிகாரமே உயிர் என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு மூன்று தடைகள் உண்டு, மூன்றுமே கனமானவை.

முதலாவதை எழுப்பியவர் ஆர்தர் வின்ஃப்ரீ, கணிதத்தோடு உயிரியலுக்குள் நுழைந்தவர். ஆடும் ஊஞ்சலைச் சரியான கணத்தில், சரியான வேகத்தில் எதிர்ப்பக்கம் தள்ளினால் அது அப்படியே நின்றுபோகும். உயிர்க்கடிகாரமும் அதே வகைக் கணிதத்துக்கு உட்பட்டதென்றால், அதையும் நிறுத்தும் ஒரு நேரமும் ஒரு அளவும் இருந்தே தீர வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். கூட்டுப்புழுப் பருவத்தில் இருந்த பழ ஈக்களுக்கு, இரவின் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், மங்கிய நீல ஒளியைக் குறிப்பிட்ட நேரம் காட்டினார். விடியலில் மட்டும் கூட்டை உடைத்து வெளிவர வேண்டிய ஈக்கள் நேரம் காலம் இல்லாமல் வெளிவந்தன. சற்று முன்னால் காட்டினாலும், சற்றுக் கூடுதலாகக் காட்டினாலும் இது நடக்காது. காகிதத்தில் கண்டுபிடித்த ஒரு புள்ளி உயிருள்ள ஈயிலும் இருந்தது. கோட்பாட்டு உயிரியல் என்ற துறை எதற்கு என்று கேட்பவர்களுக்குக் காட்ட 1970ஆம் ஆண்டின் இந்தச் சோதனை ஒன்றே போதும். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது: கடிகாரம் கலைந்த அந்த ஈக்கள் சாகவில்லை. தாளத்தை நடத்தும் மரபணு பழுதான ஈக்களும், 1971இல் கொனாப்காவும் பென்சரும் கண்டறிந்தவை, ஆய்வகக் குப்பியில் தின்று முட்டையிட்டு வாழ்ந்தன.

இரண்டாவது தடை 2005இல் ஜப்பானின் நகோயாவிலிருந்து வந்தது. தகாவோ கோண்டோவின் குழு நீலப்பச்சைப் பாக்டீரியாவிலிருந்து மூன்றே மூன்று புரதங்களை எடுத்து, ஆற்றலுக்கு ஏடிபி சேர்த்து, சோதனைக் குழாயில் கலந்தது. செல் இல்லை, சவ்வு இல்லை, மரபணு இல்லை. அந்தக் கரைசல் நாளுக்கு ஒரு முறை தன் வேதிநிலையை மாற்றிக்கொண்டு ஓடியது. வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் வேகம் மாறவில்லை. சந்திரசேகரன் வௌவாலில் கண்ட அதே நாள்தாளம், உயிர் என்று யாரும் சொல்லாத ஒரு குழாய்க்குள்! இருந்தும் அந்தக் குழாய்க்கு மாலை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? பாக்டீரியாவுக்கு அப்படி இல்லை. கார்ல் ஜான்சனும் கோண்டோவும் அவர்களுடைய குழுவினரும் 1998இல், வெவ்வேறு நீளத் தாளமுள்ள பாக்டீரியா வகைகளை ஒரே குடுவையில் போட்டியிட வைத்தனர். வெளிச்சச் சுழற்சிக்கு எந்த வகையின் தாளம் நெருங்கி வந்ததோ அது மற்றதைத் தோற்கடித்துப் பெருகியது. வெளிச்சத்தை மாறாமல் வைத்தபோது அந்த வெற்றி இல்லாமல் போயிற்று. குழாய்க்குள் ஓடுவது வேதிவினை. குடுவைக்குள் அதே வினையை நம்பி ஒரு வம்சம் நிற்கிறது. ரோசன் சொன்ன எதிர்பார்ப்பு இரண்டாவதற்குத்தான் பொருந்தும்.

மூன்றாவது தடை விதை. சீனாவின் வறண்டுபோன ஏரிப்படுகை ஒன்றில் கிடைத்த தாமரை விதைகளில் ஒன்று ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழையது. ஜேன் ஷென் மில்லரின் ஆய்வில் அது முளைத்தது. சமணர் மலைச் சிற்பங்களைவிட மூத்தது அந்த விதை. இத்தனை காலமும் அதற்குள் எந்தத் தாளம் ஓடியிருக்கும்? ஷ்ரோடிங்கரின் ஒழுங்கு உறிஞ்சலும் கிட்டத்தட்ட நின்றுபோன நிலை அது. ஆனால் கெட்டியான ஓட்டுக்குள், முளைக்கும்போது தேவைப்படும் உணவையும், சேதத்தைச் சரிசெய்யும் புரதங்களையும் அது கட்டி வைத்திருந்தது. நீர் வரும் என்ற எதிர்பார்ப்பு ஓட்டமாக இல்லாமல் அமைப்பாகவே அங்கு உறைந்திருக்கிறது. இப்படிப் பார்த்தால் கடிகாரம் எதிர்பார்ப்பின் ஒரு வடிவம்; விதை இன்னொரு வடிவம். விடியலில் பறிபட்டு மாலையில் விரியும் மல்லிகை மொட்டுக்கும் இந்த வரிசையில் இடம் இருக்கிறது. தன் இதழ்களுக்கான நீரையும் சர்க்கரையையும் அது செடியிலேயே சேர்த்துக்கொண்டுவிட்டது. மலர்ச்சிக்கு இனிச் செடி தேவையில்லை.

ரோசன் எழுதியதில் எல்லாமே நிற்கும் என்று சொல்வதற்கில்லை. உயிரைக் கணினியில் ஒருபோதும் முழுமையாக உருவகிக்க முடியாது என்ற அவரது வாதத்தைப் பலர் மறுத்திருக்கிறார்கள், அந்த மறுப்புகளில் வலு இருக்கிறது. எதிர்பார்ப்பு என்ற ஒன்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் போதும். அது இல்லாமல் குகை வௌவாலும் தாமரை விதையும் ஒரே விளக்கத்துக்குள் வருவதில்லை.

சந்திரசேகரன் 1990களின் பிற்பகுதியில் பெங்களூருவின் ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்துக்கு மாறினார்; 2009இல் காலமானார். மதுரையில் அவரிடம் வயல் சுண்டெலிகளைக் கொண்டு ஆய்வு செய்த விஜய்குமார் சர்மாவும் பெங்களூருவில் அந்த வேலையைத் தொடர்ந்தார். அங்கே ஷீபா, சர்மா, சந்திரசேகரன், அமிதாப் ஜோஷி ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஒரு முடிவு இந்தக் கதை முழுவதற்கும் உரைகல். பழ ஈக்களைத் தலைமுறை தலைமுறையாக, அணையாத வெளிச்சத்தில், மாறாத வெப்பத்தில் வளர்த்தார்கள். 600 தலைமுறைக்கு மேல் ஒரு ஈகூட இரவைப் பார்க்கவில்லை. மனிதக் கணக்கில் ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் அது 15,000 ஆண்டு. பயன்படாத உறுப்பு தேய்ந்துபோக வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அந்த ஈக்களின் வாரிசுகளை இருட்டுக்கு மாற்றிப் பார்த்தபோது, ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளியில், தாளம் தப்பாமல் கூட்டை உடைத்து வெளிவந்தன. ஷ்ரோடிங்கரின் வரையறையும் கான்டியின் வரையறையும் இந்த ஈக்களுக்கு விளக்கம் தரவில்லை. உயிருக்கு அடுத்த வரையறையை எழுதுகிறவர் இவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.